வெய்யில் சீமை

சிலருக்கு உதகமண்டலம் பிடிக்கும். சிலருக்குக் கொடைக்கானல் பிடிக்கும். நமக்குக் கோவில்பட்டி பிடிக்கும். அதிலும் சித்திரை மாதத்துக் கோவில்பட்டி.

இதைச் சொன்னதும் கேட்பவர்கள் நம்மை ஒரு மாதிரியாகப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. கோடை விடுமுறை விட்டதும் சக உபாத்தியாயர்கள் குளிர்ந்த மலைகளை உத்தேசித்துக் கம்பளி வாங்கிக்கொண்டிருக்கையில், நாம் மட்டும் ஒரு குடையும் தண்ணீர்க் கூஜாவுமாகத் தெற்கே போகிற பஸ்ஸில் ஏறுவதைப் பற்றி எங்கள் பள்ளிக்கூடத்தில் பலவித வியாக்கியானங்கள் உலவுகின்றன. "சிக்கனம்" என்பது அவற்றுள் மரியாதையானது. மற்றவற்றை இங்கே எழுதுவதற்கில்லை.

நாம் பிறந்து வளர்ந்தது காவிரிக் கரையில். வாசலில் வாய்க்கால், கொல்லையில் வாழை, கண்ணுக்கெட்டிய வரையில் பச்சை. எங்கள் அத்தையைக் கோவில்பட்டிக்கு அருகே ஒரு கிராமத்தில் கொடுத்திருந்தார்கள். கொடுத்த நாளிலிருந்தே பாட்டி, "தண்ணீர் இல்லாத காட்டில் பெண்ணைத் தள்ளிவிட்டேனே" என்று புலம்பிக்கொண்டிருந்தாள். ஆகவே ஒன்பதாம் பிராயத்தில் முதன்முதலாக அத்தை வீட்டுக்குப் புறப்பட்டபோது, அந்தப் பிரதேசத்தைப் பற்றி நாம் பெரிதாக ஒன்றும் எதிர்பார்க்கவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கியபோது உச்சி வேளை. எதிரே பார்த்தால் கறுப்பு. இடப்புறம் கறுப்பு, வலப்புறம் கறுப்பு, வானம் கவிந்து தொடுகிற இடம் வரைக்கும் கறுப்பு. நடுநடுவே ஒரு பனை, ஓர் உடைமரம். நெருப்புப் பிடித்து எரிந்து அணைந்துபோன நிலம் என்றே நினைத்தோம். அழைத்துப்போக வந்திருந்த மாமாவிடம், "யார் மாமா இதையெல்லாம் கொளுத்தினது?" என்று கேட்டோம். மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வீடு போய்ச் சேருவதற்குள் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் நம் கேள்வியைச் சொல்லி, அவர்களையும் சிரிக்க வைத்தார். முதல் நாளிலேயே ஊர் முழுவதற்கும் நாம் அறிமுகமாகிவிட்டோம்.

அதுதான் கரிசல். பழைய திருநெல்வேலி ஜில்லாவின் வடகிழக்குப் பாகத்திலும், அதை ஒட்டிய இராமநாதபுரம் சீமையிலும் பரந்து கிடக்கும் கருமண் பூமி. 1986-ல் தூத்துக்குடி தனி ஜில்லாவாகப் பிரிந்ததிலிருந்து கோவில்பட்டி, விளாத்திகுளம், எட்டயபுரம், ஒட்டப்பிடாரம் எல்லாம் அதைச் சேர்ந்தவை. வருஷத்துக்கு 25 அல்லது 30 அங்குலம் மழை பெய்தால் அதிகம். அதிலும் பெரும் பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடும். மற்ற மாதங்களில் ஜனங்கள் வானத்தைப் பார்ப்பது பழக்கத்தினாலேயொழிய நம்பிக்கையினால் அல்ல.

அந்த மண்ணின் குணத்தை மாமாதான் நமக்குச் சொல்லிக் கொடுத்தார். அவர் ஒரு பருத்தி மண்டியில் கணக்குப்பிள்ளை. படிப்பு அதிகமில்லை, ஆனால் நாம் கலாசாலையில் படித்த பூகோளத்தில் பாதியை அவர் வரப்பின் மேல் நின்றுகொண்டே சொல்லியிருக்கிறார். கரிசல் மண் நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். மழைக்காலத்தில் வயலில் பத்து அடி நடந்தால் ஒவ்வொரு காலிலும் ஒரு வீசை மண் ஒட்டிக்கொண்டு வரும். கோடையில் அதே வயல் பாளம் பாளமாக வெடித்து, வெடிப்புக்குள் முழங்கையளவு கையை விடலாம். பூச்சி பொட்டு இருக்கும் என்று அத்தை கத்துவாள். நாம் விட்டுப் பார்த்திருக்கிறோம். மேல் மண் பொடிந்து அந்த வெடிப்புகளில் விழும். மழை வந்ததும் நிலம் உப்பி வெடிப்பு மூடிக்கொள்ளும். மேலே இருந்தது கீழே போய்விடும். "நாம ஒரு தடவை உழுறதுக்குள்ள இது தன்னைத்தானே நாலு தடவை உழுதுக்கிடும்" என்பார் மாமா. மழை நின்ற பிறகும் மாதக் கணக்கில் அந்த மண் ஈரத்தை விடாமல் பிடித்து வைத்திருக்கும். ஐப்பசியில் விதைத்த பருத்தி, தை மாசி வரை அந்த ஈரத்தைக் குடித்தே காய்த்து வெடிக்கிறது. காவிரிப் பாசனத்தில் வளர்ந்த நமக்கு, தண்ணீர் பாய்ச்சாமல் பயிர் நிற்பது கண்கட்டு வித்தையாகவே தோன்றியது.

வெய்யிலைப் பற்றியும் சொல்லவேண்டும். காவிரிக் கரை வெய்யில் புழுங்க வைக்கும்; கரிசல் வெய்யில் உலர்த்தும். காலையில் பதினொரு மணிக்குத் தெருவில் நாய்கூட நடமாடாது. வேப்பமரத்து நிழலில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு, கம்மங்கஞ்சியும் மோரும் சின்ன வெங்காயமும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் நாலு மணி வரைக்கும் உலகத்தில் எந்தக் காரியமும் அவசரமில்லை. இராத்திரியில் அதே கட்டிலை வாசலுக்கு இழுத்துப் போட்டுப் படுத்தால் அவ்வளவு நட்சத்திரங்களை வேறெங்கும் நாம் பார்த்ததில்லை. ஆனி ஆடியில் மேற்கே இருந்து ஒரு காற்று வரும். வீட்டுக்குள் வைத்த இலைச் சோற்றில் மண் விழும். அந்தக் காற்றை வைத இடத்திலெல்லாம் இன்றைக்குக் காற்றாலைகள் நிற்கின்றன. கயத்தாற்றுப் பக்கம் போகிறவர்கள் பார்க்கலாம். மாமா இருந்து பார்த்திருந்தால், வைததையெல்லாம் திரும்ப வாங்கிக்கொண்டிருப்பார்.

இப்படி மண்ணின் மேல் ஏற்பட்ட பிரீதி, நாளடைவில் அதன் சரித்திரத்தின் மேல் போய் நின்றது. அதற்கும் காரணம் மாமாதான். விடுமுறை தோறும் ஒரு நாள் நம்மைக் கயத்தாற்றுக்கு அழைத்துப்போவார். வீரபாண்டியக் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட இடம் அது. வழிப்போக்கர்கள் ஆளுக்கு ஒரு கல் போட்டுவிட்டுப் போய், அந்தக் காலத்தில் அங்கே ஒரு கற்குவியலே உண்டாகிவிட்டது என்று சொல்வார். பிற்காலத்தில், 1970-ல், நடிகர் சிவாஜி கணேசன் அந்த நிலத்தை விலைக்கு வாங்கி அங்கே ஒரு சிலையை நிறுவினார். இன்னொரு நாள் பாஞ்சாலங்குறிச்சி. 1974-ல் அரசாங்கத்தார் கட்டிய ஞாபகார்த்தக் கோட்டை அங்கே இருக்கிறது. மாமா அதை அதிகம் பார்க்கவிடமாட்டார். பின்னால் இருக்கும் பழைய மண்மேட்டுக்கு இழுத்துக்கொண்டு போய், "இதுதான் நிஜம், அது சும்மா" என்பார்.

அந்த மேட்டின் மேல் உட்கார்ந்துதான் நாம் ஊமைத்துரையின் கதையைக் கேட்டோம். கட்டபொம்மனுடைய தம்பி அவன். 1801-ம் வருஷம் பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்து, கும்பெனியார் இடித்துப்போட்ட மண் கோட்டையைச் சில நாட்களுக்குள் திரும்ப எழுப்பிவிட்டான். மார்ச்சு மாதக் கடைசியில் தாக்கிய வெள்ளைக்காரப் பட்டாளம் பெரிய நஷ்டத்துடன் திரும்பிப் போயிற்று. மே 24-ந் தேதிதான் கோட்டை விழுந்தது. அப்போது யுத்தத்தில் இருந்த வெல்ஷ் என்னும் துரை பின்னால் எழுதிய நினைவுக் குறிப்புகளில் ஒரு சம்பவம் வருகிறது. காயம்பட்டுக் குற்றுயிராய்க் கிடந்த பிள்ளையைத் தேடி ஒரு தாய் போர்க்களத்துக்கு வருகிறாள். பிள்ளையோ தன்னை விட்டுவிட்டு அருகில் கிடக்கும் ஊமைத்துரையைக் காப்பாற்றும்படி சொல்கிறான். அவள் அப்படியே செய்கிறாள். தேடிக்கொண்டு எதிரியின் ஆட்கள் வந்தபோது, அவனைத் துணியால் மூடி, அம்மை கண்டு இறந்துவிட்டான் என்று ஒப்பாரி வைத்தார்கள். வந்தவர்கள் அம்மை என்றதும் ஓடிப்போனார்கள்.

வந்தவர்கள் யார்? எட்டயபுரத்து ஆட்கள்.

மாமா இந்த இடம் வரும்போது "எட்டப்பன்" என்று சொல்லிக் காறித் துப்புவார். நாமும் துப்பக் கற்றுக்கொண்டோம். காட்டிக்கொடுத்தவனுக்கு எட்டப்பன் என்று பெயர். இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? நாட்டுப் பாடல்களில் அப்படித்தான். 1959-ல் வெளிவந்த படத்திலும் அப்படித்தான். தமிழ்நாட்டில் எந்த ஊரில் எந்த இரண்டு பேர் சண்டையிட்டாலும், கட்சி மாறியவனைப் பார்த்து மற்றவன் சொல்கிற வார்த்தை அதுதான். நாம் பட்டம் பெற்று, சரித்திர உபாத்தியாயராகி, இருபது வருஷத்துக்கு மேல் வகுப்பு நடத்திய பிறகும் அந்த வார்த்தையை ஒருநாளும் திருப்பிப் பார்த்ததில்லை. இனிமேல் எழுதப்போவது நம் பெருமைக்கு உகந்ததல்ல. ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

இவ்வருஷம் பள்ளிக்கூடம் திறந்த முதல் வாரத்தில் எட்டாம் வகுப்பில் ஒரு புதுப் பையன் வந்து சேர்ந்தான். தகப்பனாருக்கு உத்தியோகத்தில் மாற்றல். ஒல்லியான, கறுத்த, கூச்ச சுபாவமுள்ள பையன். பேச்சைக் கேட்டதுமே நமக்குத் தெற்கத்திச் சீமை என்று தெரிந்துவிட்டது. உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். "எந்த ஊர் தம்பி?" என்று கேட்டோம். "எட்டயபுரம் ஸார்" என்றான்.

நாம் என்ன சொல்லியிருக்கவேண்டும்? அந்த மண்ணின் மேல் முப்பது வருஷத்துக்கு மேலாகப் பிரியம் வைத்திருப்பவன் சொல்வதற்கு எவ்வளவோ இருந்தன. ஆனால் வகுப்பில் நாற்பது பையன்கள் எதிரே இருந்தால், உபாத்தியாயருக்கு ஹாஸ்யம் பண்ணவேண்டும் என்று ஒரு சபலம் வந்துவிடுகிறது. "ஓகோ, எட்டப்பன் ஊரா? அப்படியானால் உன்னிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாகத்தான் இருக்கவேண்டும்" என்றோம். வகுப்புக் கொல்லென்று சிரித்தது. பையனும் சிரித்தான். அவன் சிரித்ததனால் நாம் அந்த விஷயத்தை அத்துடன் மறந்துவிட்டோம்.

வகுப்பு மறக்கவில்லை. அன்று முதல் அவனுக்கு அதுவே பெயராகிவிட்டது. பந்து விளையாட்டில் அவனைச் சேர்த்துக்கொண்ட கட்சி தோற்றால் அவன் காட்டிக்கொடுத்தான் என்றார்கள். யாராவது செய்த தப்பு நம் காதுக்கு எட்டினால், அவன் சொன்னதாக வைத்துக்கொண்டார்கள். இதெல்லாம் நமக்குத் தெரியாது. ஒரு மாதம் கழித்து ஒரு நாள் மாலை, பையன்கள் எல்லோரும் போன பிறகு, அவன் மட்டும் நம் மேஜை அருகே வந்து நின்றான். வெகு நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "ஸார், எங்க ஊர்ல பாரதியார் வீடு இருக்கு ஸார்" என்றான். அவ்வளவுதான். அதற்கு மேல் அவனால் பேச முடியவில்லை, நம்மாலும் முடியவில்லை.

அன்று இரவே புத்தகங்களை எடுத்தோம். பாளையக்காரர் யுத்தங்களைப் பற்றி நம்மிடம் ஓர் அலமாரியே இருக்கிறது. அதே பக்கங்களை முன்னரும் படித்ததுண்டு. ஆனால் கட்டபொம்மனுக்காகப் படித்தோம், எட்டயபுரத்துக்காகப் படித்ததில்லை.

முதலாவது, எட்டப்பர் என்பது ஓர் ஆளின் பெயரே அல்ல. அந்த வம்சத்துத் தலைவர்களுக்கெல்லாம் வழிவழியாக வந்த பட்டப் பெயர் அது. நாம் ஏதோ ஒரு மனிதனை வைவதாக நினைத்துக்கொண்டு பல தலைமுறைகளை வைதுகொண்டிருக்கிறோம்.

இரண்டாவது, எட்டயபுரமும் பாஞ்சாலங்குறிச்சியும் அடுத்தடுத்த பாளையங்கள். அடுத்தடுத்து நிலம் உள்ளவர்களுக்குள் என்ன நடக்கும் என்பதை நேயர்களுக்கு நாம் சொல்லவேண்டியதில்லை. எல்லைத் தகராறு பழமையானது. அந்தச் சண்டைக்கு நடுவே கும்பெனியார் வந்து புகுந்தார்கள். ஆர்க்காட்டு நவாபுக்கு ஏறியிருந்த கடனுக்காக, 1792-ம் வருஷத்து உடன்படிக்கையின்படி, பாளையக்காரர்களிடம் கப்பம் வசூலிக்கும் பாத்தியதை அவர்கள் கைக்குப் போயிற்று. 1798-ல் கலெக்டர் ஜாக்ஸன், கட்டபொம்மனைப் பேட்டி கொடுக்காமல் ஊர் ஊராக அலையவைத்து, கடைசியில் இராமநாதபுரத்தில் வைத்துப் பிடிக்கப்பார்த்தார். கைகலப்பில் ஒரு வெள்ளைக்கார அதிகாரி இறந்தார். சென்னை அரசாங்கமே விசாரித்து, தப்பு ஜாக்ஸன் பேரில் என்று கண்டு, அவரை வேலையிலிருந்து நீக்கிவிட்டது. ஆனால் அதற்குள் பகை முற்றிவிட்டது. அடுத்த வருஷம் செப்டம்பரில் மேஜர் பானர்மன் கோட்டையைத் தாக்கினார். கட்டபொம்மன் தப்பிப் போனான். எட்டயபுரத்தார் அவனைப் பிடிப்பதற்குத் தீவிரமாக முயன்றார்கள் என்பது உண்மை. பிறகு பாஞ்சாலங்குறிச்சியின் நிலத்தில் ஒரு பங்கு அவர்களுக்குப் பரிசாகக் கிடைத்தது என்பதும் உண்மை. இதை நாம் மறைக்கப்போவதில்லை.

ஆனால் பிடித்துக்கொடுத்தது யார்? புதுக்கோட்டைத் தொண்டைமானுடைய ஆட்கள். 1799-ம் வருஷம் அக்டோபர் 16-ந் தேதி கயத்தாற்றில் விசாரணை என்று ஒன்று நடந்தபோது, சுற்றுப்பட்ட பாளையக்காரர்களையெல்லாம் கொண்டுவந்து உட்காரவைத்திருந்தார்கள், அவர்களுக்கும் பாடமாக இருக்கட்டும் என்று. மறுநாள் பானர்மன் மேலிடத்துக்கு எழுதிய கடிதத்தை நாம் பல தடவை படித்திருக்கிறோம். கட்டபொம்மன் சிறிதும் அஞ்சாமல் நின்றான் என்று எதிரியே அதில் ஒப்புக்கொள்கிறார். விசாரணையின்போது எட்டயபுரத்துப் பாளையக்காரரையும் சிவகிரிப் பாளையக்காரரையும் அவன் அடிக்கடி இகழ்ச்சியாகப் பார்த்தான் என்றும், தூக்குமரத்துக்குப் போகும்போது இருபுறமும் இருந்த பாளையக்காரர்கள் எல்லோர் மேலும் அதே பார்வையைச் செலுத்திக்கொண்டு போனான் என்றும் எழுதுகிறார்.

எல்லோர் மேலும்! சாகப்போகிறவன் ஒருவரையும் விடவில்லை. நாம்தான் இரண்டு நூற்றாண்டுகளாக ஒருவரைத் தவிர மற்றவர்களையெல்லாம் விட்டுவிட்டோம். சிவகிரியின் பெயரையோ புதுக்கோட்டையின் பெயரையோ சொல்லி யாரும் யாரையும் வைவதில்லை. வையவேண்டும் என்று இப்போது நாம் சொல்லவும் இல்லை. இருக்கிற வசவுகள் போதும். ஆனால் அத்தனை பேர் உட்கார்ந்திருந்த சபையில் ஒருவரை மட்டும் பொறுக்கி எடுத்து, அவர் ஊரில் பிறந்த குழந்தை வரைக்கும் கணக்கெழுதுவது என்ன நியாயம் என்று அன்றிரவு நமக்கு விளங்கவில்லை.

பாஞ்சாலங்குறிச்சிக்குக் கும்பெனியார் செய்ததும் இதே மாதிரியான காரியம்தான். 1801-ல் கோட்டையை இரண்டாம் முறை பிடித்ததும், அதை மண்ணோடு மண்ணாக்கி உழுது, ஆமணக்கு விதைத்தார்கள் என்று சொல்வார்கள். அந்த ஊரின் பெயரையே சர்க்கார் தஸ்தாவேஜுகளிலிருந்து எடுத்துவிடும்படி உத்தரவு போட்டார்கள். ஓர் ஊரின் பெயரை அழித்தார்கள் என்று வகுப்பில் எவ்வளவு ஆவேசத்தோடு பேசியிருக்கிறோம்! பக்கத்து ஊரின் பெயரை நாமே வசவாக மாற்றிக்கொண்டதைப் பற்றி நமக்குப் பேசத் தோன்றவில்லை.

பையன் சொன்னது பாரதியார் வீடு. 1882-ல் அவர் பிறந்த அந்த வீட்டுக்கு நாம் போயிருக்கிறோம். சிறுபிராயத்தில் அவருக்குப் பாரதி என்னும் பட்டம் கிடைத்ததும் அந்த எட்டப்பர்களுடைய ஊர்ச் சபையில்தான். அவருடைய தகப்பனார் சின்னச்சாமி ஐயர் ஜமீன் உத்தியோகஸ்தர். கரிசலில் விளைகிற பருத்திக்குக் கரிசலிலேயே ஆலை வைக்கவேண்டும் என்று ஆசைப்பட்டு, பணத்தை இழந்து, 1898-ல் மனமுடைந்து இறந்தார். அமெரிக்காவில் 1861 முதல் 1865 வரை உள்நாட்டு யுத்தம் நடந்தபோது திருநெல்வேலிப் பருத்தி நல்ல விலைக்குப் போயிற்று. தூத்துக்குடியிலிருந்து கப்பல் கப்பலாக ஏற்றினார்கள். பஞ்சு இங்கே, லாபம் அங்கே என்பதை அறிந்து, அதை மாற்றப் பார்த்தவர்களில் பாரதியின் தகப்பனாரும் ஒருவர். நம் பாடப் புத்தகங்களில் அவருக்கு ஒரு வரி இருந்தால் அதிகம். பிள்ளைக்காவது மணிமண்டபம் கிடைத்தது. கல்கி ஆசிரியரின் முயற்சியால் 1945-ல் கால்கோள் நடந்து, 1947-ல் ராஜாஜி அதைத் திறந்து வைத்தார்.

பாரதி மட்டுமா? சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவர் கல்வி கற்றது எட்டயபுரத்தில், சமஸ்தானப் புலவர் கடிகைமுத்துப் புலவரிடம். அவர் அடங்கியிருப்பதும் அந்த ஊரிலேயே. சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துஸ்வாமி தீக்ஷிதர், தம் தம்பி சமஸ்தான வித்துவானாக இருந்த அந்த ஊருக்கு வந்து, 1835-ல் தீபாவளி தினத்தன்று அங்கேயே தேகவியோகமானார். வரும் வழியில் பூமி காய்ந்து கிடந்ததைப் பார்த்து மனமிரங்கி, அமிர்தவர்ஷிணி ராகத்தில் பாடி மழை வருவித்தார் என்று சங்கீதக்காரர்கள் சொல்வார்கள். மழை வந்ததோ இல்லையோ, அந்தச் சீமையின் வெய்யிலைப் பார்த்த எவருக்கும் அப்படி ஒரு கதை உண்டானதில் ஆச்சரியம் இருக்காது. அவர் வம்சத்தில் வந்த சுப்பராம தீக்ஷிதர், தீக்ஷிதருடைய கிருதிகளில் பலவற்றை ஸ்வரப்படுத்தி, "சங்கீத சம்பிரதாய பிரதர்சினி" என்னும் பிரம்மாண்டமான நூலை 1904-ல் வெளியிட்டாரே, அது அச்சானது எங்கே? சென்னையில் அல்ல. எட்டயபுரத்தில், ஜமீன்தாருடைய ஆதரவில். இன்று சபாக்களில் தலையாட்டுகிற நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

ஓர் இஸ்லாமியப் புலவரின் சமாதி, ஒரு சங்கீத மேதையின் சமாதி, ஒரு மகாகவியின் ஜன்ம ஸ்தலம், மூன்றும் ஒரே சிற்றூரில். கால்நடையாகவே ஒரு காலைப் பொழுதில் பார்த்துவிடலாம். இந்த ஊரின் பெயரைத்தான் நாம் ஒரு பதின்மூன்று வயதுப் பையனின் முகத்தில் எறிந்தோம்.

மறுநாள் வகுப்பில் பாடத்தை ஒத்திவைத்தோம். "ஒரு மாதத்துக்கு முன்னால் நாம் இந்த வகுப்பில் ஒரு தப்புச் செய்தோம்" என்று ஆரம்பித்தபோது, பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். உபாத்தியாயர் வாயிலிருந்து அந்த வார்த்தையை அவர்கள் முன்னே பின்னே கேட்டதில்லை போலிருக்கிறது. கரிசல் மண்ணில் ஆரம்பித்து, கயத்தாற்றுச் சபை வரையில் ஒன்று விடாமல் சொன்னோம். பானர்மன் கடிதத்தைத் தமிழ்ப்படுத்திச் சொன்னபோது வகுப்பு நிசப்தமாக இருந்தது. மணி அடித்தும் எழுந்திருக்கவில்லை.

முடிந்ததும், பின் பெஞ்சியிலிருந்து ஒரு குறும்பன், "அப்படீன்னா எட்டப்பர் செஞ்சது சரிதானா ஸார்?" என்று கேட்டான். நாம் பதில் சொல்வதற்குள் எட்டயபுரத்துப் பையன் எழுந்து, "சரியில்ல. எங்க தாத்தாவும் சரியில்லைன்னுதான் சொல்லுவாக" என்றான். பிறகு சிறிது யோசித்து, "ஆனா நான் செய்யலைல்ல?" என்றான். அந்தக் குறும்பனே முதலில் சிரித்தான். இந்தச் சிரிப்பு வேறு மாதிரி இருந்தது. அன்று மாலைப் பந்து விளையாட்டில் இரண்டு கட்சியும் தன்னைக் கேட்டதாகப் பிறகு சொன்னான். எப்படி விளையாடினான் என்று விசாரித்தோம். சுமாராகத்தான் விளையாடுவானாம்.

அதற்குப் பிறகு அவன் நமக்கு ஒருவகையில் உபாத்தியாயராகிவிட்டான். கரிசல் பாஷையில் நமக்குத் தெரியாத வார்த்தைகள் இன்னும் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. அந்த வட்டார வழக்குக்கு அகராதியே தொகுத்த கி. ராஜநாராயணனும், அவர் தோழர் கு. அழகிரிசாமியும் 1923-ல் பிறந்த இடைசெவல், கோவில்பட்டிக்கும் கயத்தாற்றுக்கும் இடையில்தான் இருக்கிறது; பஸ்ஸில் எத்தனையோ தடவை அதைத் தாண்டிப் போயிருக்கிறோம். ஒருநாளும் இறங்கியதில்லை. "நீங்க அதைப் பாக்கவே இல்லையா ஸார்?" என்று பையன் கேட்டபோது வெட்கமாக இருந்தது. அடுத்த பிரயாணத்தில் இறங்குவதாக வாக்களித்திருக்கிறோம்.

போன வாரம் அவனுடைய தாத்தாவிடமிருந்து நமக்கு ஒரு கடிதம் வந்தது. கூடவே கோவில்பட்டிக் கடலைமிட்டாய் ஒரு பொட்டலம். பேரன் எல்லாவற்றையும் எழுதியிருக்கிறான் போலிருக்கிறது. அவசியம் எட்டயபுரத்துக்கு வந்து தம் வீட்டில் நாலு நாள் தங்கவேண்டும் என்று பெரியவர் அன்புடன் எழுதியிருக்கிறார். அதற்கு ஐப்பசி மாதமே சிலாக்கியம். அப்போது மழை பெய்து பூமி குளிர்ந்திருக்கும். வெளியூர்க்காரர்களுக்கு எங்கள் ஊர்க் கோடை ஒத்துக்கொள்ளாது என்று ஓர் எச்சரிக்கையும் செய்திருக்கிறார்.

சித்திரையில் வருவதாகப் பதில் எழுதியிருக்கிறோம்.